வைரஸ் அடங்கிவிட்டது, நிமோனியா ஏன் அடங்கவில்லை?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகியின் கடிதம்:

“டாக்டர், என் தம்பிக்கு 34 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2015-இல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து) மையத்தில் மாத்திரை வாங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறான். சி.டி.4 (எதிர்ப்புசக்தியை நடத்தும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை) இப்போது 560. வைரல் லோடு பார்த்தால் வைரஸ் தென்படவில்லை என்றுதான் வருகிறது. ஆனால் கடந்த மூன்று வருடத்தில் நான்கு தடவை நிமோனியா. சைனஸ் வருடம் முழுக்க. ஒரு காதில் சீழ். அடிக்கடி வயிற்றுப்போக்கு. டி.பி. இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டார்கள். போன மாதம் ஒரு தனியார் டாக்டர் ஐ.ஜி.ஜி. என்ற பரிசோதனை செய்தார். 230 என்று வந்தது. ‘இது எச்.ஐ.வி.யால் வருவது இல்லை, வேறு ஓர் அரிய எதிர்ப்புசக்திக் கோளாறு. மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும், ஆயுளுக்கும்’ என்கிறார். ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டால் ‘எச்.ஐ.வி. இருந்தால் இப்படி அடிக்கடி வரத்தான் செய்யும்’ என்கிறார்கள். யார் சொல்வது சரி? அடுத்தவர் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை இவனுக்கு ஏற்றலாமா? அதை ஆரம்பித்தால் ஏ.ஆர்.டி.யை நிறுத்தணுமா? செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது. அவனுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. மனைவிக்குத் தொற்று இல்லை, எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டாள். குழந்தைக்கு இதனால் ஏதும் வருமா? எல்லா ரிப்போர்ட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது பெரிய உதவி. ஐ.ஜி.ஜி. தாளைவிட என் கண்ணில் பட்டது கல்லீரல் பரிசோதனைத் தாள்கள்தான். அவற்றில் எல்லோரும் எஸ்.ஜி.பி.டி.யைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே மொத்தப் புரதம், ஆல்புமின் என்று இரண்டு வரி இருக்கும். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் வருவது குளோபுலின். கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைத்தான் ஆன்டிபாடி என்கிறோம்; நம் ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடிகளில் பெரும்பகுதி இந்தக் கணக்கில்தான் வரும். உங்கள் தம்பிக்கு 2015-இல் அது 4.3. 2019-இல் 3.0. 2022-இல் 1.6.

இந்த மூன்று எண்களிலேயே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. எச்.ஐ.வி. ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும்போது ஆன்டிபாடி செய்யும் பி செல்களைச் சும்மா விடாது, சீண்டிக்கொண்டே இருக்கும். அவையும் உருப்படியில்லாத ஆன்டிபாடிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் சிகிச்சை தொடங்காத எச்.ஐ.வி. நோயாளிக்கு குளோபுலின் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதுதான் இயல்பு. மாத்திரை வேலை செய்து வைரஸ் அடங்கியதும் அது மெல்ல இறங்கி சாதாரண அளவுக்கு வரும். 4.3 ஆக இருந்தது 3.0 ஆனது அப்படித்தான். அதற்குப் பிறகு 1.6-க்கு விழுந்ததை எச்.ஐ.வி.யின் கணக்கில் எழுத முடியாது. ஆன்டிபாடிகளில் முக்கிய வகையான ஐ.ஜி.ஜி. பெரியவர்களுக்குச் சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு 700 முதல் 1600 மி.கி. வரை இருக்கும். 230 என்பது மிகக் குறைவு. அந்த அளவில் தனியார் டாக்டர் பிடித்தது சரியான இடம்.

வந்த நோய்களையும் பாருங்கள். சி.டி.4 குறைந்தவர்களுக்கு வாயில் வெள்ளை படியும், அக்கி வரும், டி.பி. வரும், நியூமோசிஸ்டிஸ் என்ற தனி வகை நிமோனியா வரும். உங்கள் தம்பிக்கு இதில் ஒன்றும் இல்லை. அவருக்கு வந்தது எல்லாம் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவின் வேலை: நுரையீரல், சைனஸ், காது. வயிற்றுப்போக்குக்கு ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம், மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இது ஆன்டிபாடி இல்லாதவரின் நோய்ப் பட்டியல். மேஸ்திரி வேலைக்கு வந்துவிட்டார், செங்கல்தான் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.டி.4 560 என்பது மேஸ்திரி இருக்கிறார் என்று மட்டும்தான் சொல்கிறது.

ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் எத்தனையோ பேரைப் பார்க்கிறவர், எச்.ஐ.வி. என்ற ஒரு காரணத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுவது சுலபமாக நடந்துவிடும். ஆனால் வைரஸ் அடங்கி, சி.டி.4-ம் ஏறிய ஒருவருக்கு இரண்டாவது நிமோனியா வந்தபோதே ஐ.ஜி.ஜி. பார்த்திருக்கலாம் என்பது என் கருத்து. விலை அதிகமான பரிசோதனையும் இல்லை.

சரி, அப்படியானால் இது அந்த அரிய நோய்தானா? தனியார் டாக்டர் மனதில் இருப்பது காமன் வேரியபிள் இம்யூனோடெஃபிஷியன்சி, சுருக்கமாக சி.வி.ஐ.டி. உலக அளவில் சுமார் 25,000 முதல் 50,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுவது. பெரும்பாலும் இருபது, முப்பது வயதுகளில்தான் வெளியே தெரியும். ஐ.ஜி.ஜி.யுடன் ஐ.ஜி.ஏ. அல்லது ஐ.ஜி.எம். என்ற மற்ற ஆன்டிபாடி வகையும் குறைந்திருக்க வேண்டும், தடுப்பூசி போட்டாலும் ஆன்டிபாடி சரியாக உருவாகக் கூடாது, வேறு எந்தக் காரணமும் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம். எனக்கு இடிக்கிறது மூன்றாவதுதான்.

நீங்கள் அனுப்பியதில் நரம்பியல் டாக்டரின் சீட்டு ஒன்று கடைசியில் இருந்தது. 2020-இல் பைக் விபத்து, தலையில் அடி, அதற்குப் பிறகு இரண்டு தடவை வலிப்பு. அன்றிலிருந்து கார்பமசெபின் மாத்திரை. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எச்.ஐ.வி.க்குச் சம்பந்தமில்லாத மாத்திரை என்று விட்டிருப்பீர்கள். கார்பமசெபின், ஃபெனிடோயின் என்ற வலிப்பு மாத்திரைகள் இரண்டும் சிலருக்கு ஆன்டிபாடி அளவைக் கீழே இறக்கிவிடும். எல்லோருக்கும் அல்ல, ஆனால் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. குளோபுலின் 2019-இல் சரியாக இருந்தது, மாத்திரை 2020-இல் வந்தது, 2022-இல் குளோபுலின் விழுந்தது. இதை வைத்து அதுதான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. சி.வி.ஐ.டி.யும் இந்த வயதில்தான் தலைகாட்டும். ஆனால் ‘ஆயுளுக்கும்’ என்ற சொல்லை ஒருவரிடம் சொல்வதற்கு முன் இந்த மாத்திரையை மாற்றிப் பார்த்தே ஆகவேண்டும். மாற்றிய பிறகு ஐ.ஜி.ஜி. ஏறப் பல மாதங்கள் ஆகலாம். ஏறிவிட்டால் அரிய நோய் என்ற பேச்சே முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் அதே மாத்திரையில் இருக்கிறது. உங்கள் தம்பி சாப்பிடுவது டி.எல்.டி., அதாவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. கார்பமசெபின் கல்லீரலைத் தூண்டி டோலுடெக்ராவிரை வேகமாகக் கரைத்துவிடும். வைரல் லோடு இதுவரை தப்பித்திருக்கிறது. அது நல்ல நேரம், அதையே நம்பி இருக்க முடியாது. வலிப்பு மாத்திரை ஒரு டாக்டரிடம், எச்.ஐ.வி. மாத்திரை இன்னொரு இடத்தில் என்று போகும்போது இப்படி ஆகிவிடுகிறது. எச்.ஐ.வி.யைச் சொல்லத் தயங்கி நரம்பியல் டாக்டரிடம் மறைத்திருந்தால் அந்த டாக்டர் மீதும் தவறில்லை. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி இந்தத் தகவலை ரகசியமாக வைக்க அவர் கடமைப்பட்டவர், இதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கவும் முடியாது. தைரியமாகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டுக் கார்பமசெபினைத் தம்பி தானாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரும். லெவெடிராசெட்டம் போன்ற வேறு மருந்தைச் சேர்த்து, பழையதைப் படிப்படியாகக் குறைத்துத்தான் மாற்ற வேண்டும். அது ஏ.ஆர்.டி.யோடும் மோதாது.

அதுவரை இம்யூனோகுளோபுலின் ஏற்றாமல் காத்திருக்கலாமா? 230 அளவோடு, நான்கு நிமோனியா கண்ட நுரையீரலோடு பல மாதம் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நிமோனியாவும் மூச்சுக்குழாய்களை நிரந்தரமாக விரித்துவிட்டுப் போகலாம். அப்புறம் ஐ.ஜி.ஜி. ஏறினாலும் அந்தச் சேதம் திரும்பாது. ஆகவே ஏற்றலாம் என்பதுதான் என் பதில். ஆனால் முதல் பாட்டிலுக்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றைப் பின்னால் செய்ய முடியாது.

இம்யூனோகுளோபுலின் என்பது ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஆன்டிபாடி. அது உள்ளே போன பிறகு ரத்தத்தில் எதை அளந்தாலும் பாதி அந்தக் கொடையாளிகளைப் பற்றித்தான் தெரியும். தம்பியின் உடம்பே ஆன்டிபாடி செய்கிறதா என்று அறிய நிமோகாக்கல், டெட்டனஸ் தடுப்பூசி போடும் முன்பும் நான்கு வாரம் கழித்தும் அளவு பார்க்க வேண்டும். அது முதல் பாட்டிலுக்கு முன்பே முடிய வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் அப்படியே. ஏற்றிய பிறகு ஹெபடைடிஸ் பி-யின் கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தால், அது தம்பியுடையதா கொடையாளியுடையதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதோடு ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். மூன்றையும் இன்னொரு முறை பார்க்கட்டும், ஒரே அளவை வைத்து முடிவு வேண்டாம். பி செல் எண்ணிக்கை, ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சீரம் எலக்ட்ரோஃபோரிசிஸ், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்ற பரிசோதனை, நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். ஸ்கேனில் மூச்சுக்குழாய் விரிந்திருக்கிறதா என்பதோடு, நெஞ்சுக்குள் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கட்டி இருப்பவர்களுக்கும் ஆன்டிபாடி வற்றிப்போவது உண்டு. எச்.ஐ.வி. உள்ளவருக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இல்லை என்றும் உறுதிசெய்தாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி.யை நாம் சாதாரணமாகக் கண்டுபிடிப்பது ஆன்டிபாடி கிட் வைத்துத்தான். 2015-இல் தம்பிக்கு அது பாசிட்டிவ் வந்தது, அப்போது அவர் உடம்பு ஆன்டிபாடி செய்திருக்கிறது. இப்போது வற்றிய நிலையில் எங்காவது ஆபரேஷனுக்கு முன் கிட் வைத்துப் பார்த்து ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் வரலாம். யாராவது அதைப் பார்த்து எச்.ஐ.வி. போய்விட்டது என்று சொன்னால் நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். இவருக்கு கிட் முடிவுக்கு மதிப்பில்லை, வைரஸையே நேராகத் தேடும் பரிசோதனைதான் பேச வேண்டும். விசித்திரம் என்னவென்றால், சி.வி.ஐ.டி. முன்பே இருந்து பிறகு எச்.ஐ.வி. தொற்றிய ஒரு சிலருக்கு ஐ.ஜி.ஜி. தானாக ஏறியதாக 1980-கள் முதல் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. உங்கள் தம்பியின் கதை அதற்கு நேர் தலைகீழ்.

அடுத்தவர் ரத்தம் என்ற பயம் நியாயமானது. 1952-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், ஆன்டிபாடியே இல்லாத ஓர் எட்டு வயதுச் சிறுவனுக்கு காமா குளோபுலின் ஊசி போட்டுக் காட்டியதிலிருந்து இந்தச் சிகிச்சை நடக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு தயாரிப்பின் மூலம் ஹெபடைடிஸ் சி பரவியது உண்மை. அதன் பிறகு கொடையாளிகளைச் சோதிப்பதோடு நிற்காமல், வைரஸ்களை ரசாயனத்தால் அழிப்பதும் மிக நுண்ணிய வடிகட்டியில் செலுத்துவதும் தயாரிப்பிலேயே சேர்ந்துவிட்டன. தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது இதற்குத் தடையே இல்லை. 1991-இல் எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கே இதை ஏற்றிப் பார்த்து, சி.டி.4 மிகவும் குறையாத குழந்தைகளிடம் பாக்டீரியா தொற்று குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஏ.ஆர்.டி.யை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. ஒன்று வைரஸைப் பிடித்து வைக்கிறது, மற்றது இல்லாத ஆன்டிபாடியைக் கொடுக்கிறது.

அளவு உடல் எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 400 முதல் 600 மி.கி. தம்பி 60 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். 400 என்று தொடங்கினால் ஒரு தடவைக்கு 24 கிராம், அதாவது ஐந்து கிராம் பாட்டில் ஐந்து. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஏற்ற அரை நாள் போய்விடும். காய்ச்சலோடு இருக்கும் நாளில் முதல் பாட்டிலை மாட்டக் கூடாது, தொற்றை அடக்கிவிட்டுத்தான். முதல் தடவை மிக மெதுவாக ஓட வேண்டும். தலைவலி, குளிர், முதுகுவலி வந்தால் நர்ஸிடம் உடனே சொல்லட்டும், வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். முந்தின நாளிலிருந்தே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். டெனோஃபோவிர் சிறுநீரகத்தைத் தொடக்கூடிய மருந்து, சர்க்கரைப்பாகு சேர்த்த சில இம்யூனோகுளோபுலின் வகைகளும் அப்படித்தான். அதனால் சுக்ரோஸ் சேராத வகையைக் கேட்டு வாங்குங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். டோலுடெக்ராவிர் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யாமலேயே கிரியாட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். சற்றே கூடியிருந்தால் பதற வேண்டாம், அது மேலே ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்த பாட்டில் மாட்டும் அன்று, மாட்டுவதற்கு முன் ஐ.ஜி.ஜி. எடுக்க வேண்டும். 700-க்கு மேல் நின்றால் நல்லது. ஆனால் எண்ணைவிட முக்கியம் நிமோனியா நின்றதா என்பது. 650-இல் நன்றாக இருப்பவரும் உண்டு, 900 தேவைப்படுகிறவரும் உண்டு.

டி.பி.க்கு எதிராக இந்தப் பாட்டில் ஒன்றும் செய்யாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். டி.பி. தடுப்பு மாத்திரை முன்பே முடித்தாரா என்று ஏ.ஆர்.டி. புத்தகத்தில் பாருங்கள். முடிக்கவில்லை என்றால் கார்பமசெபினை மாற்றிய பிறகு தொடங்குவது உத்தமம். டி.பி. தடுப்புக்குக் கொடுக்கும் ஐசோனியசிட், கார்பமசெபினின் அளவை ரத்தத்தில் ஏற்றி மயக்கம், தள்ளாட்டம் கொண்டுவரும். எதிர்ப்புசக்திப் பவுடர், கஷாயம் என்று வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள், அவற்றால் ஐ.ஜி.ஜி. ஏறாது.

செலவுக்கு வருகிறேன். நான்கு வாரத்துக்கு ஐந்து பாட்டில் என்பது கட்டிங் மாஸ்டர் சம்பளத்தில் அடங்காது. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கில்லன்-பாரே வாதத்துக்கு இதே மருந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே பொது மருத்துவத் துறை வழியாகப் போனால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இவருடைய நோய்க்குக் கிடைக்குமா என்று காப்பீட்டு அலுவலரிடமே நேராகக் கேட்டுவிடலாம். 2021-இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில், இம்யூனோகுளோபுலின் தேவைப்படும் பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாடுகள் பட்டியலில் இருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட உயர் மையங்கள் வழியாக 50 லட்சம் வரை உதவி உண்டு. ஆனால் அது மாத்திரையால் வந்த குறைபாட்டுக்குப் பொருந்தாது. நோயின் பெயரை அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சந்தேகம் தீரவில்லை என்றால் வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடத்தில் ஒரு முறை காட்டுங்கள்.

குழந்தையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நிம்மதியான பதில்தான். ஆன்டிபாடி குறைவு தொற்றாது. தாய்க்கு எச்.ஐ.வி. இல்லை, அப்பாவின் ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை, ஒரே வீட்டில் வளர்வதால் ஒன்றும் வராது. கவனிக்க வேண்டியது எதிர்த் திசையில்: குழந்தையிடமிருந்து அப்பாவுக்கு. போலியோ சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். சொட்டு போட்ட குழந்தையின் மலத்தில் அது வாரக்கணக்கில் வெளியேறும். ஆன்டிபாடி இல்லாதவர் குடலில் அது புகுந்தால் மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில் தங்கி, வாதத்தையே உண்டாக்கிவிடலாம். ஆகவே இனிமேல் போலியோ முகாமிலும் பூஸ்டரிலும் சொட்டுக்குப் பதில் ஊசி போட முடியுமா என்று குழந்தை டாக்டரிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். தடுப்பூசியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள், குழந்தைக்கு எல்லாத் தடுப்பூசியும் வேண்டும். கொஞ்ச நாளைக்கு டயபர் மாற்றுவது, கழுவி விடுவது எல்லாம் அம்மா, பாட்டி பார்த்துக்கொள்ளட்டும். தம்பி தூக்கிக் கொஞ்சலாம், சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். உயிருள்ள தடுப்பூசி எதையும் அவர் போட்டுக்கொள்ளக் கூடாது. வருடாந்திர ஃப்ளூ ஊசி போடலாம், நீங்கள் எல்லோரும் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

முதலில் போக வேண்டியது நரம்பியல் டாக்டரிடம், ஏ.ஆர்.டி. புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு. அடுத்து ஏ.ஆர்.டி. மையத்தில் கார்பமசெபின் சீட்டைக் காட்டி, தினமும் சாப்பிடும் மாத்திரையோடு பன்னிரண்டு மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனியாக ஒன்று கேளுங்கள். கார்பமசெபின் முழுதாக நின்ற பிறகும் இரண்டு வாரம் அந்த இரண்டாவது மாத்திரை தொடர வேண்டும். கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்ப அவ்வளவு நாள் பிடிக்கும்.